ஒரு காலின் விலை

சில மாதங்களுக்கு முன் நமது காரியாலயத்துக்கு ஒரு வாலிபர் ஊன்றுகோல்களின் துணையுடன் வந்து சேர்ந்தார். அவர் பத்திரிகாசிரியரைத் தேடி வந்தவர் அல்லர். பத்திரிகாசிரியன் வக்கீல் தொழிலும் அறிந்தவன் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தவர். வலது கால் முழங்காலுக்கு மேலே வெட்டப்பட்டிருந்தது. சென்னைக்கு வெளியே உள்ள ஒரு பெரிய சரக்குக் கிடங்கில், காண்டிராக்டர் ஒருவரின் ஆளாக, பெட்டிகளை எண்ணிக் கணக்கெழுதும் வேலை பார்த்தவர். மாதச் சம்பளம் 23,000 ரூபாய். விபத்து நடந்த அன்று அவருக்கு வயது 30.

அன்று போர்க்லிப்ட் வண்டியை வழக்கமாக ஓட்டுபவர் லீவில் இருந்தார். மூட்டை தூக்கும் ஆள் ஒருவரை மேஸ்திரி அந்த வண்டியில் ஏற்றி உட்கார வைத்தார். வண்டி பின்னோக்கி வந்தது. பின்னால் வரும்போது ஒலிக்க வேண்டிய மணி கெட்டுப் போய்ப் பல நாளாகியிருந்தது. கையில் கணக்குப் புஸ்தகத்துடன் நின்றவருக்கும் சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளுக்கும் இடையே இரண்டு முழம் இடமே இருந்தது. மற்றதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

காண்டிராக்டர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார். பிறகு ரொக்கமாக 50,000 ரூபாய் கொடுத்து, “இனி எனக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை” என்ற வாசகமுள்ள காகிதத்தில் கையெழுத்து வாங்கிக் கொண்டார். கிடங்கின் கம்பெனியாரோ, “அவர் எங்கள் ஆள் அல்ல” என்று கையை விரித்தார்கள். வாலிபர் நம்மைக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “கையெழுத்துப் போட்டுக் கொடுத்து விட்டேன் ஐயா. இனிமேல் ஏதாவது உண்டா?”

உண்டு. அந்தக் காகிதம் சட்டத்தின் முன் செல்லாக் காசு. இதை அவர் ஒருவருக்கு மட்டும் சொன்னால் போதாது என்று தோன்றியதால் இதை எழுதலானோம்.

இந்த வண்டி எத்தகையது?

1917-ம் வருஷத்தில் அமெரிக்காவில் கிளார்க் கம்பெனியார் தங்கள் தொழிற்சாலைக்குள் சாமான்களைக் கொண்டு செல்வதற்காக ஒரு சிறு மோட்டார் வண்டியைச் செய்தார்கள். அதன் சந்ததிதான் போர்க்லிப்ட். இரண்டாவது உலக மகாயுத்தத்தில் ராணுவத் தளவாடங்களை ஏற்றி இறக்க அது மிகவும் பயன்பட்டது. இன்று துறைமுகம், ரயில்வே குட்ஷெட், மோட்டார் தொழிற்சாலை, காய்கறிக் கிடங்கு எங்கும் அது ஓடுகிறது. இருபது பேர் முதுகு ஒடியச் சுமந்ததை அது ஒரு நொடியில் தூக்கி வைக்கிறது. யந்திரத்தின் மேல் நமக்கு விரோதம் இல்லை. மனிதன் முதுகில் மூட்டை ஏற்றுவதைக் காட்டிலும் யந்திரத்தின் கொம்பில் ஏற்றுவது எவ்வளவோ மேல்.

ஆனால் இது காரைப் போன்ற வண்டி என்று நினைப்பது பெரும் பிழை. உண்மையில் இது சக்கரம் பூட்டிய துலாக்கோல். முன்னால் இரண்டு இரும்புக் கவைகளில் பாரம். பின்னால் அதற்கு ஈடாக இரும்புக் கட்டி. நடுவே முன்சக்கரங்களே துலாவின் தாங்கி. அளவுக்கு மேல் பாரம் ஏற்றினாலும், பாரத்தைக் கவையின் நுனியில் வைத்தாலும் பின்புறம் எழும்பும். பாரத்தை உயரத் தூக்கிய நிலையில் திரும்பினாலோ, சரிவில் குறுக்கே ஓட்டினாலோ வண்டி பக்கவாட்டில் சாயும். காரில் முன்சக்கரம் திரும்பும். இதில் பின்சக்கரம் திரும்பும். ஆகையால் வளைவில் இதன் பின்பாகம் அகலமாக வீசிச் செல்லும். பக்கத்தில் நிற்பவன் தான் தப்பியதாக எண்ணும் இடத்திலேயே அடிபடுவான். பாரம் உயரமாக இருந்தால் ஓட்டுபவனுக்கு எதிரே உள்ளது தெரியாது. வண்டி கவிழும்போது வெளியே குதிப்பவன் பெரும்பாலும் அதன் கூரைச் சட்டத்தின் கீழேயே விழுகிறான். பெல்ட்டைக் கட்டிக் கொண்டு உள்ளேயே பற்றியிருப்பவன் பிழைக்கிறான். குதிக்கத் தூண்டும் இயற்கை உணர்ச்சியை அடக்குவதற்கே பயிற்சி தேவை.

அமெரிக்க சர்க்காரின் தொழிற்சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் 1980 முதல் 1994 வரை அந்நாட்டில் இவ்வண்டிகளால் 1,021 தொழிலாளர் மாண்டதாகக் கணக்கிட்டார்கள். அவர்களில் 22 சதவிகிதம் பேர் வண்டி கவிழ்ந்தும், 20 சதவிகிதம் பேர் நடந்து செல்கையில் மோதப்பட்டும், 16 சதவிகிதம் பேர் நசுங்கியும், 9 சதவிகிதம் பேர் வண்டியிலிருந்து விழுந்தும் இறந்தவர்கள். அதாவது மாண்டவர்களில் ஐந்தில் ஒருவர், அருகில் நடந்து சென்றபோது மோதப்பட்டவர். 1998-ல் அந்நாட்டு சர்க்கார், பயிற்சியும் பரீட்சையும் இன்றி ஒருவரும் இதை ஓட்டக் கூடாது, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டுபவரின் திறமையை மறுபடியும் சோதிக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். 18 வயது நிரம்பாதவர் இதைத் தொடவே கூடாது என்பதும் அங்கே விதி.

நம் நாட்டிலும், தொழிலாளிக்கு வேண்டிய போதனையும் பயிற்சியும் மேற்பார்வையும் அளிப்பது முதலாளியின் கடமை என்று போபால் துர்ச்சம்பவத்துக்குப் பின் 1987-ல் பாக்டரிச் சட்டத்தில் எழுதப்பட்டது. அக்கடமை புதிய சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. கடமை ஏட்டில் இருக்கிறது. மணி கெட்ட வண்டி கிடங்கில் ஓடுகிறது.

பழைய நியாயம்

காயமுற்ற தொழிலாளியின் உரிமை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால்தான் அதன் அருமை விளங்கும். 1837-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்குத் தீர்ந்தது. கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் வேலையாள், எஜமானர் சொற்படி சாமான் வண்டியில் சென்றான். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருந்த வண்டி வழியில் உடைந்தது. அவன் தொடை எலும்பு முறிந்தது. ஜூரிகள் 100 பவுன் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். மேல் நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். வேலைக்காரன் ஆபத்தை அறிந்தே வேலைக்குச் செல்கிறான், வேண்டாமென்றால் மறுத்திருக்கலாம் என்பது ஒரு காரணம். இவ்வழக்கை ஒப்புக் கொண்டால், ஈரப் படுக்கையை விரித்த பணிப்பெண்ணின் பிழைக்காகவும் எஜமானர் இன்னொரு வேலையாளுக்கு ஈடு கொடுக்க நேரிடும் என்பது மற்றொரு காரணம்.

பாரம் மிகுந்த வண்டி, முறிந்த கால், “அது என் பொறுப்பல்ல” என்னும் எஜமானர்: அந்த வாலிபர் நம் எதிரே உட்கார்ந்து பேசியபோது இந்த வழக்குத்தான் நம் நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ இருநூறு வருஷங்களாகியும் வாதம் மாறவில்லை. சட்டம் மாறிவிட்டது என்பது ஒன்றே வித்தியாசம்.

அது எளிதில் மாறிவிடவில்லை. ஜெர்மனியில் 1884-லும், இங்கிலாந்தில் 1897-லும் புதிய கொள்கை பிறந்தது. யந்திரத் தொழிலில் விபத்து நேர்வது தொழிலோடு பிறந்தது. ஆகவே யார் தவறு என்று விசாரிக்காமலே, உடைந்த யந்திரத்தைப் பழுது பார்ப்பது போல, உடைந்த மனிதனுக்கும் தொழிலே ஈடு செய்ய வேண்டும் என்பதே அக்கொள்கை. இந்தியாவில் 1923-ம் வருஷத்து 8-வது சட்டமாக அது நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. 1948-ல் தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ் சட்டம், அதாவது எல்லோரும் இ.எஸ்.ஐ. என்று சொல்வது, அதனோடு சேர்ந்தது. இவ்விரண்டும் 2020-ம் வருஷத்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடக்கப்பட்டன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தது. அதற்கு முன் நேர்ந்த விபத்துக்குப் பழைய சட்டமே செல்லும். மூலக் கொள்கை இரண்டிலும் ஒன்றே.

எந்தக் கதவைத் தட்டுவது?

காயமுற்றவருக்கு இரண்டு கதவுகள் உண்டு. இரண்டையும் ஒருங்கே தட்ட முடியாது. எது தனக்குரியது என்பது தெரியாமலே பலர் காலத்தைப் போக்கி விடுகிறார்கள்.

முதற் கதவு இ.எஸ்.ஐ. அத்திட்டத்துக்கு உட்பட்ட ஸ்தாபனத்தில் வேலை பார்ப்பவருக்கும், சம்பளம் அதன் வரம்புக்குள் இருப்பவருக்கும் உரியது. இவ்வரம்பு 2017 ஜனவரியில் மாதம் 21,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. வேலையில் நேர்ந்த காயத்துக்கு, இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே காயமுற்றாலும் உரிமை உண்டு. வேலை செய்ய இயலாத காலம் முழுவதும் ஊதியத்தில் சுமார் 90 சதவிகிதம் கிடைக்கும். அங்கம் நிரந்தரமாகப் போனால், போன அளவுக்கு ஏற்ப ஆயுள் முழுதும் மாதந்தோறும் பணம் வரும். இறந்தால் குடும்பத்துக்கு உபகாரச் சம்பளம் உண்டு. முதலாளி பெயரைப் பதியவில்லை, சந்தா கட்டவில்லை என்பதால் தொழிலாளியின் உரிமை போய்விடாது. முதலாளியின் குற்றத்துக்கு முதலாளியிடமிருந்தே கார்ப்பொரேஷன் வசூல் செய்து கொள்ள வேண்டும்.

இரண்டாவது கதவு முதலாளியே நேராகக் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு. இ.எஸ்.ஐ.க்கு உட்படாதவர்களுக்கு இது. நம் வாலிபரின் சம்பளம் 23,000 ஆதலால் அவருக்கு உரியது இக்கதவே. இங்கே கணக்கு எப்படி என்று நேயர்கள் கவனிக்க வேண்டும். உழைக்கும் சக்தி முழுவதையும் நிரந்தரமாக இழந்தவருக்கு, மாத ஊதியத்தில் 60 சதவிகிதத்தை, வயதுக்கு ஏற்றபடி அட்டவணையில் கண்ட எண்ணால் பெருக்க வேண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 50 சதவிகிதம் கொண்டு பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும், 2020 ஜனவரியில் வெளியான அறிவிப்பின்படி, கணக்குக்கு 15,000 ரூபாய்தான் எடுத்துக் கொள்ளப்படும். அதில் 60 சதவிகிதம் 9,000. அதை 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். நடுத்தொடைக்குக் கீழே கால் வெட்டப்பட்டதற்கு அட்டவணை 60 சதவிகித நஷ்டம் என்கிறது. ஆக அவருக்குச் சேர வேண்டியது குறைந்த பக்ஷம் 11,23,092 ரூபாய்.

பதினொரு லக்ஷம் எங்கே, ஐம்பதினாயிரம் எங்கே!

அட்டவணையோடு விஷயம் முடிந்து விடுவதும் இல்லை. 1968-ல் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்து கொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கை போனதுதானே, முழு நஷ்டஈடு எப்படிக் கொடுப்பது என்று முதலாளி வழக்காடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது. ஆகவே அது முழு நஷ்டமே என்று 1975 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். கோர்ட்டு தீர்மானித்த பிறகு அல்ல, விபத்து நேர்ந்த அன்றே பணம் கொடுக்கும் கடமை பிறந்து விடுகிறது என்றும் கூறினார்கள். நாள் முழுதும் கிடங்கைச் சுற்றி வந்து கணக்கெடுப்பவருக்குக் கால் எவ்வளவு தேவை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலாளிகளின் நான்கு வாதங்கள்

முதல் வாதம், “தொழிலாளிதான் அஜாக்கிரதையாக இருந்தார்” என்பது. வெறும் அஜாக்கிரதை நஷ்டஈட்டுக்குத் தடையே அல்ல. குடிபோதை, பாதுகாப்புக்கென வெளிப்படையாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகிய மூன்றே விலக்குகள். மரணமோ, முழு நிரந்தர நஷ்டமோ நேர்ந்தால் அந்த மூன்றும் கூடச் செல்லா.

இரண்டாவது, “அவர் காண்டிராக்டர் ஆள்” என்பது. தன் தொழிலின் ஒரு பகுதியைக் காண்டிராக்டரிடம் விட்டவர், தம் சொந்த ஆளுக்குக் கொடுப்பது போலவே காண்டிராக்டரின் ஆளுக்கும் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். பிறகு அவர் காண்டிராக்டரிடம் வசூலித்துக் கொள்ளலாம். அது அவ்விருவர் பாடு.

மூன்றாவது, “கையெழுத்துப் போட்டு விட்டார்” என்பது. நஷ்டஈட்டு உரிமையைத் துறக்கும் ஒப்பந்தம் செல்லாது. ராஜியாகப் போவதென்றால் அதைக் கமிஷனரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் பதிவை மறுக்கலாம். பதிவுக்கு அனுப்பாத ராஜி இருந்தால், 1923-ம் வருஷத்துச் சட்டப்படி முதலாளி முழுத் தொகையையும் கொடுக்க வேண்டும். கமிஷனர் வேறு விதமாக உத்தரவிட்டாலன்றி, முன்பு கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக் கொள்ளவும் முடியாது. அந்த 50,000-ல் கழிக்கக் கூடியது 25,000-தான். வைத்தியத்துக்குக் கொடுத்ததை நஷ்டஈட்டோடு சேர்த்துக் கணக்குக் காட்டவும் இடமில்லை. மரணமானாலோ, தொகையைக் கமிஷனரிடமே கட்ட வேண்டும். சவம் கிடக்கும் வீட்டில் விதவையின் கையில் நோட்டுகளைத் திணித்து விட்டுப் போவதால் கடன் தீராது.

நான்காவது வாதம் வாயால் சொல்லப்படுவதில்லை, காலங்கடத்துவதே அது. விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் பிந்திய மனுவையும் ஏற்கலாம் என்றாலும், அதை நம்பியிருப்பது விவேகம் அல்ல. “பார்க்கலாம், பேசலாம்” என்று இரண்டு வருஷம் ஓட்டி விடுவதே பலருடைய தந்திரம். இதற்கும் சட்டம் மருந்து வைத்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் பணம் கொடாமலிருந்தால் 12 சதவிகித வட்டியும், நியாயமான காரணம் இல்லையெனில் 50 சதவிகிதம் வரை அபராதமும் சேரும். வெளி ராஜ்யத்திலிருந்து பிழைக்க வந்தவர் ஊர் திரும்பி விட்டால் வழக்கு ஒழிந்தது என்று எண்ணுகிறார்கள். அதுவும் தவறு. மனுச் செய்பவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். ஒரகடத்தில் காலிழந்தவர் பீஹாரில் தம் ஜில்லாவில் கேட்கலாம்.

சட்டத்தின் குறைகள்

இவ்வளவு சொன்னதால் சட்டம் பூரணமானது என்று நாம் கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். இன்றைய விலைவாசியில் ஒருவரின் உழைப்பை மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் மதிக்க மறுப்பது நியாயமா? அதைவிட அதிகமாகச் சம்பாதிக்கும் ஒவ்வொருவருக்கும் சட்டம் தெரிந்தே குறைத்துக் கொடுக்கிறது. மேலும், புதிய பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் யந்திர சக்தி உபயோகிக்கும் பாக்டரி என்பதற்கு ஆள் எண்ணிக்கை 10-லிருந்து 20-ஆக உயர்த்தப்பட்டது. பத்தொன்பது பேர் வேலை செய்யும் பட்டறையில் வண்டி ஏறினால் எலும்பு முறியாதா?

நல்லதையும் ஒப்புக் கொள்வோம். வேலைக்கு அமர்த்தும்போது நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று அத்தொகுப்பு விதிக்கிறது. “எங்கள் ஆள் அல்ல” என்ற பொய்க்கு இதைவிடச் சிறந்த பதில் இல்லை. கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஐந்து லக்ஷத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கோ, வாரிசுகளுக்கோ கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். ஆபத்து நெருங்கியிருப்பதாகத் தக்க காரணத்துடன் கருதும் தொழிலாளி, முதலாளியிடமும் இன்ஸ்பெக்டரிடமும் முறையிடலாம். கெட்டுப்போன மணியைப் பற்றி ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க அங்கே ஒருவருக்காவது தைரியம் இருந்திருந்தால், அந்தக் கால் இன்றும் நடந்து கொண்டிருக்கும்.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை

இப்பத்திரிகையைப் படிப்பவர்களில் பொது வேலை செய்பவர்கள் பலர். கூட்டம் போடவும் கொடி பிடிக்கவும் நமக்குத் தெரியும். விபத்து நடந்த அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போய், நான்கு விஷயங்களைக் குறித்து வைக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? நியமனக் கடிதமும், சம்பளம் வந்த பாங்கிக் கணக்கும் எங்கே என்று கேளுங்கள். எந்த வண்டி, யார் ஓட்டினார், யார் பார்த்தார் என்று எழுதுங்கள். வேலை செய்யும்போது நேர்ந்த விபத்து என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் பதியச் செய்யுங்கள். வீட்டில் விழுந்ததாகச் சொல்லச் சொல்வார்கள், இணங்க வேண்டாம். முதலாளிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து நகல் வைத்துக் கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ.யா, நஷ்டஈடா என்று முதல் வாரத்திலேயே விசாரித்து விடுங்கள். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், படித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கொஞ்சம் நேரமும், ஒரு நோட்டுப் புஸ்தகமும், கூட வேலை செய்பவர்மேல் சிறிது அன்பும் இருந்தால் போதும்.

அந்த வாலிபர் நம்மிடம் வந்தபோது, இரண்டு வருஷம் முடிய 11 நாட்களே பாக்கி இருந்தன. மனு தாக்கலாகி விட்டது. கம்பெனியும் காண்டிராக்டரும் ஒருவரை ஒருவர் சுட்டிக் காட்டிக் கொண்டு நிற்கிறார்கள். தீர்ப்பு வரும் வரை அதைப் பற்றி மேலும் எழுதுவது முறையன்று. ஆனால் பதினோராம் நாளுக்குப் பதில் பன்னிரண்டு நாள் பிந்தி வந்திருந்தால் அவர் நிலை என்ன? கதவு இருக்கும் இடம் தெரியாமல் வெளியே நிற்பவர்கள் இன்னும் எத்தனை பேர்? அவர்களுக்கு வழி காட்டுவது சட்டம் படித்தவர்களுடைய தொழில் மட்டும் அல்ல; எழுத்தறிந்த ஒவ்வொருவருடைய கடமையும் ஆகும்.